பாவை நோயாளியும் பரீட்சை நெறியும்: மயக்கமருந்தியலிற் செயன்முறைத் திறனை மதிப்பிடல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

வைத்தியத் துறைகளுள் மயக்கமருந்தியல் தனியியல்பு வாய்ந்தது. ஏனைய துறையினர் நோயைத் தீர்க்கும் பொருட்டு மருந்து கொடுக்கின்றனர். மயக்கமருந்து வைத்தியரோ, இன்னொருவர் நோயைத் தீர்ப்பதற்கு இடமளிக்கும் பொருட்டு, நோயாளியின் உணர்வையும் சுவாசத்தையும் சில மணி நேரம் தம் பொறுப்பில் ஏற்றுக்கொள்கிறார். பெரும்பாலான நாட்களில் அவரது பணி அமைதியாகவே நடந்து முடிகின்றது. என்றோ ஒருநாள், சில நிமிடங்களுக்குள் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி நேர்கின்றது. அவரது திறமையின் முழு அளவும் வெளிப்படுவது அந்தச் சில நிமிடங்களிலேயாம்.

இத்துறையிற் பயில்வோரின் செயன்முறைத் திறனை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா கடினமாவதற்குக் காரணம் இதுவே. எழுத்துப் பரீட்சை அறிவைக் காட்டும். வாய்மொழிப் பரீட்சை அவ்வறிவை எடுத்துரைக்கும் ஆற்றலைக் காட்டும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் அருகிருந்து நோக்குதல் அன்றாடப் பணியைக் காட்டுமேயன்றி நெருக்கடியைக் காட்டாது. நெருக்கடி வரும்வரை பரீட்சகர் காத்திருத்தல் இயலாது. அது வந்தபின், பயில்வோர் தடுமாறுவதைப் பார்த்துப் புள்ளியிட்டுக்கொண்டிருத்தலும் தகாது. நோயாளியின் உயிரைக் காப்பதே அங்குள்ள அனைவரினதும் முதற் கடமையாகிவிடும்.

இவ்விடைவெளியை நிரப்ப வந்ததே பாவனை நோயாளி. கணனியால் இயக்கப்படும் பாவையொன்றை நோயாளியாகக் கிடத்தி, உண்மையான கருவிகள் சூழ, வேண்டிய நெருக்கடியை வேண்டிய நேரத்தில் தோற்றுவித்து, பயில்வோர் என்ன செய்கிறார் என நோக்கும் முறை அது. கடந்த அரை நூற்றாண்டில் இம்முறை அடைந்த செல்வாக்குப் பெரிது. அச்செல்வாக்கு எவ்வளவுக்கு ஆதாரமுடையது, பாவையின் முன் ஒருவர் பெறும் புள்ளியைக் கொண்டு அவரது தொழில் வாழ்வைத் தீர்மானிப்பது எவ்வளவுக்கு நியாயமானது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றமும் வளர்ச்சியும்

1960ஆம் ஆண்டளவில், நோர்வே நாட்டைச் சேர்ந்த அஸ்மண்ட் லேர்டால் என்னும் விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர், வாயோடு வாய்வைத்துச் சுவாசமூட்டும் முறையைப் பயிற்றுவதற்கெனப் பாவையொன்றை ஆக்கினார். அது எளிய கருவி. கணனியால் இயங்கும் முதலாவது பாவனை நோயாளி 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. கல்வியியலாளரான ஸ்ரீபன் ஏபிரகாம்சன், மயக்கமருந்து வைத்தியரான ஜட்சன் டென்சன் ஆகிய இருவரும் பொறியியல் நிறுவனமொன்றின் துணையோடு ஆக்கிய இப்பாவைக்கு ‘சிம் வண்’ எனப் பெயரிட்டனர். அது மூச்சுவிட்டது, கண் இமைத்தது, அதன் நாடியைத் தொட்டறிய முடிந்தது, செலுத்தப்பட்ட மருந்துகள் சிலவற்றுக்கு ஏற்ப அதன் நிலை மாறியது.

1969இல் இவ்விருவரும் தம் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வு இங்கு கருதத்தக்கது. பயில்வோர் பத்துப்பேருள் ஐவர் பாவையிற் பயின்று பின்னர் சத்திரசிகிச்சைக் கூடத்திற்குச் சென்றனர்; ஏனைய ஐவரும் வழமையான முறையிற் பயின்றனர். சுவாசக் குழாயைச் செலுத்தும் திறனில் முன்னையோர் குறைந்த காலத்தில் வேண்டிய தரத்தை எய்தினர் என்பது முடிவு. எண்ணிக்கை சிறிதாயினும் ஆய்வு முறை நேர்மையானது. ஆயினும் அக்காலக் கணனியின் விலையும் பருமனும் காரணமாகச் ‘சிம் வண்’ போன்ற இன்னொன்று ஆக்கப்படவில்லை. கருத்துப் பிழையன்று, காலமே கனிந்திருக்கவில்லை எனலாம்.

இடைப்பட்ட காலத்தில் ஏற்பட்ட சிந்தனை மாற்றம் கருவியினும் முக்கியமானது. 1978இல் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த ஜெவ்றி கூப்பரும் அவர் குழுவினரும் மயக்கமருந்துப் பணியில் நேர்ந்த, தவிர்த்திருக்கக்கூடிய 359 நிகழ்ச்சிகளைச் சேகரித்து ஆராய்ந்தனர். அவற்றுள் 82 சதவீதமானவை மனிதத் தவறு சார்ந்தவையாகவும், 14 சதவீதமானவையே கருவிப் பழுதினால் நேர்ந்தவையாகவும் காணப்பட்டன. மருந்துக் குழாய்களை மாற்றி எடுத்தல், வாயுவின் அளவைத் தவறாக மாற்றுதல், இணைப்புக் கழன்றதைக் கவனியாதிருத்தல் என்பன போன்றவை அவை. பாடநூலை அறியாமை அல்ல, அறிந்ததை உரிய கணத்திற் செயற்படுத்தாமையே கேட்டுக்குக் காரணம் என்பது இதனாற் பெறப்பட்டது. அவ்வாறாயின், அறிவை மட்டும் சோதிக்கும் பரீட்சை எதனைச் சோதிக்கின்றது என்னும் வினா தானாகவே எழுந்தது.

இவ்வினாவுக்கு விடைகாண முயன்றோருள் முதன்மையானவர் ஸ்ரன்போட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டேவிட் காபா. அவரும் அவர் மாணவரான டீ அன்டாவும் 1980களின் நடுப்பகுதியில் ஆக்கி 1988இல் ஆய்வுலகுக்கு அறிமுகஞ் செய்தது பாவை மட்டுமன்று. பாவையைச் சுற்றிய சத்திரசிகிச்சைக் கூடம் முழுவதுமாகும். சத்திரசிகிச்சை நிபுணர், தாதி ஆகியோரின் பாத்திரங்களை ஏற்போரும் அதில் இடம்பெற்றனர். விமானிகளுக்குப் பாவனை விமானத்தில் அளிக்கப்படும் நெருக்கடிப் பயிற்சியே இதற்கு முன்மாதிரி. ஏறத்தாழ இதே காலத்தில் புளோறிடாப் பல்கலைக்கழகத்தில் மைக்கல் குட், கிறேவன்ஸ்ரைன் ஆகியோரும் வேறொரு பாவையை உருவாக்கினர். 1990களின் பின் இத்தகைய பாவைகள் விற்பனைப் பண்டங்களாயின. பல நாடுகளிற் பயிற்சி நிலையங்கள் தோன்றின.

2. எது அளக்கப்படுகின்றது?

பயிற்சிக்கு உதவுவது யாவும் பரீட்சைக்கும் உதவும் எனக் கொள்ளுதல் கூடாது. பயிற்சியிற் பிழை விடுதல் பயனுடையது. பிழையே அங்கு ஆசிரியன். பரீட்சையிலோ பிழைக்கு விலையுண்டு. எனவே பாவையைப் பரீட்சைக்குப் பயன்படுத்துவோர், தாம் எதனை அளக்கின்றனர் என்பதைத் தெளிவுபடுத்தக் கடமைப்பட்டவராவர்.

இத்துறையில் இருவேறு போக்குகளை இனங்காணலாம். ஒன்று, செயல்களை எண்ணும் போக்கு. ரொறன்ரோ நகரில் டெவிற் என்பாரும் அவர் குழுவினரும் கையாண்ட அளவுகோல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். எதிர்வினை எதுவும் இல்லையாயின் 0. நோயாளியின் நிலையைத் தற்காலிகமாகச் சீராக்கினால் 1. மூல காரணத்தைக் கண்டு நீக்கினால் 2. இவ்வெளிமையிற் பெரும் நன்மையொன்றுண்டு. ஒரே நிகழ்ச்சியைப் பார்க்கும் இருவர் ஏறத்தாழ ஒரே புள்ளியை இடுவர். 2001இல் வெளியான அவர்களது ஆய்வில் அனுபவத்தின் ஏற்றத்தாழ்வை இவ்வளவுகோல் பிரித்துக் காட்டியது. ஆயினும், குருதியில் ஒட்சிசன் குறைவதைக் கண்டு ஒட்சிசனைக் கூட்டிய ஒருவர், காரணத்தைத் தேடிக்கொண்டே அதனைச் செய்தாரா, பதற்றத்தாற் செய்தாரா என்பதை எண் 1 சொல்லாது. செயல் எண்ணப்படுகின்றது, செயலுக்குப் பின்னாலுள்ள சிந்தனை எண்ணப்படவில்லை.

மற்றையது, நடத்தையை நோக்கும் போக்கு. காபாவும் பிறரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் 14 குழுக்கள் இருவகை நெருக்கடிகளைக் கையாண்டன. ஒன்று மயக்கமருந்தினால் விளையும் கொடிய உடல்வெப்ப ஏற்றம். மற்றது இதயத் துடிப்பு நிற்றல். தொழினுட்பச் செயல்களுக்கு ஒரு புள்ளியும், தலைமை, தொடர்பாடல், பணிப்பகிர்வு ஆகிய நடத்தைகளுக்கு வேறொரு புள்ளியும் இடப்பட்டன. தொழினுட்பத்திற் பெரும்பாலான குழுக்கள் உயர்ந்து நின்றன. நடத்தையிலோ பெரிதும் வேறுபட்டன. செய்யவேண்டியதை அறிந்திருத்தலும், செய்விக்க அறிந்திருத்தலும் வெவ்வேறு திறன்கள் என்பது இதனாற் புலனாகும். 2003இல் ஸ்கொத்லாந்தின் அபடீன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் றோனா பிளினும் மயக்கமருந்து வைத்தியர் சிலரும் சேர்ந்து இந்நடத்தைகளை வகைப்படுத்தினர். பணியை ஒழுங்குசெய்தல், குழுவாக இயங்குதல், சூழ்நிலையை உணர்ந்திருத்தல், முடிவெடுத்தல் என்னும் நான்கு பிரிவுகளின் கீழ் 15 கூறுகளை அவர்கள் வகுத்தனர்.

இவ்வகைப்பாடு பயனுடையது, பேசுவதற்கு ஒரு பொதுமொழியைத் தந்தது. எனினும் நடத்தையை மதிப்பிடும்போது மதிப்பிடுவோரின் விருப்புவெறுப்பு நுழைவதற்கு இடமுண்டு. உரத்துப் பேசுவோர் தலைமைப் பண்புடையோராகத் தோன்றுவர். அமைதியாகச் செயற்படுவோர் ஊக்கமற்றோராகத் தோன்றக்கூடும். பரீட்சகரின் மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவரின் தயக்கம், சிந்தனைத் தயக்கமாகப் பொருள்கொள்ளப்படலாம். செயலை எண்ணும் முறை நம்பகமுடையதாயினும் ஆழங்குறைந்தது. நடத்தையை நோக்கும் முறை ஆழமுடையதாயினும் நம்பகத்திற்காகப் பெரிதும் உழைக்க வேண்டியது. இவற்றுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்றையதை இகழ்வது ஆய்வு நெறியாகாது.

3. நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

தமிழிலக்கிய மாணவருக்கு நன்கு அறிமுகமான பாகுபாடொன்று இவ்விடத்திற் பயன்படும். தொல்காப்பியர் உலகியல் வழக்கு, நாடக வழக்கு என்னும் இரண்டையும் கூறி, இரண்டும் இயைந்ததே புலனெறி வழக்கம் என்பார். அகப்பாடல் முற்றிலும் உலகியலன்று, முற்றிலும் புனைவுமன்று. அதனை உலகியலின் நேர்ப்படியாகக் கொள்வோரும் தவறுவர். வெறும் புனைவெனத் தள்ளுவோரும் தவறுவர்.

பாவை நோயாளியின் நிலையும் இத்தகையதே. அக்கூடத்தில் நிகழ்வது நாடக வழக்குத் தழுவியது. நெருக்கடியொன்று வரும் என்பதைப் பரீட்சார்த்தி முன்னரே அறிவார்; ஆதலால் உலகியலிற் காணப்படாத விழிப்போடு நிற்பார். உண்மையான கூடத்தில், மூன்றாவது மணித்தியாலத்தின் அயர்விற்கிடையே மெல்ல உயரும் காபனீரொட்சைட்டின் அளவைக் கண்டுகொள்வதே திறமை. பாவையின் முன் அதே அளவு உயரும்போது, ‘இதோ வந்துவிட்டது’ என்று எதிர்பார்த்திருந்த மனம் அதனை உடனே பற்றிக்கொள்ளும். மறுபுறத்தில், பாவையின் தோல் நிறம் மாறுவதும் வியர்ப்பதும் மனித உடலிற் போல் அமைவதில்லை. நோயாளியைத் தொட்டும் பார்த்தும் அறிந்து பழகிய அனுபவசாலி இங்கு தன் ஆதாரங்கள் சிலவற்றை இழந்துவிடுகின்றார். திரையைப் பார்த்துப் பழகிய இளையவர் அவ்விழப்பை உணரார். பாவையோடு பழகியவருக்குப் பாவை எளிது. நோயாளியோடு பழகியவருக்கு அது அந்நியமாகலாம்.

இதனைக் கொண்டு பாவனை மதிப்பீடு பொய்யானது எனக் கூறுதல் பொருந்தாது. நாடகம் பொய்யாயினும் அதிற் பிறக்கும் மெய்ப்பாடு பொய்யன்று. பாவை உயிரற்றதெனத் தெரிந்தும் பரீட்சார்த்தியின் கை நடுங்குகின்றது. பார்வை ஒரே கருவியில் நிலைகுத்திவிடுகின்றது. அருகிலிருப்பவர் சொல்வது செவியில் ஏறாது போகின்றது. பரீட்சகர் அளக்க வேண்டியது இதுவே. 1990இல் ஜோர்ஜ் மில்லர் வகுத்த படிநிலையில், அறிதல், செய்ம்முறை அறிதல், செய்துகாட்டல், செய்தல் என நான்கு படிகள் உண்டு. பாவை மூன்றாம் படிவரை நம்மைக் கொண்டுசெல்லும். நான்காம் படிக்கு அது சான்றாகாது. இவ்வெல்லையை மறந்து, செய்துகாட்டியவரெல்லாம் செய்வர் என முடிவுகட்டுவது நாடக வழக்கை உலகியல் வழக்கெனக் கொள்ளும் மயக்கமாகும்.

4. ஒரு காட்சி போதுமா?

ஏற்புடைமை பற்றிய வினாவுக்கு அடுத்ததாக நம்பகம் பற்றிய வினா எழுகின்றது. பரீட்சகர்கள் ஒத்த புள்ளி இடுவார்களா என்பதே பெரிய சிக்கல் எனத் தொடக்கத்திற் பலர் கருதினர். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் டேவிட் மறே, ஜோன் பூலே முதலியோர் மேற்கொண்ட ஆய்வுகள் இக்கருத்தை மாற்றின. குறுகிய நேரக் காட்சிகள் பலவற்றை அமைத்துப் பார்த்தபோது, புள்ளிகளின் வேறுபாட்டுக்குப் பரீட்சகர் காரணமாவதிலும் காட்சி காரணமாவதே அதிகம் எனக் கண்டனர். ஒவ்வாமை அதிர்ச்சியைச் சிறப்பாகக் கையாண்ட ஒருவர், நுரையீரலைச் சூழ்ந்து காற்றுப் புகுந்த நிலையை அவ்வாறே கையாள்வார் என்பதற்கு உறுதியில்லை. திறமை நெருக்கடிக்கு நெருக்கடி மாறுபடுகின்றது.

இதன் விளைவு தெளிவானது. அரைமணி நேரம் நீளும் ஒரே காட்சியை, எத்துணை உண்மைபோல் அமைத்தாலும், அதைக்கொண்டு ஒருவரைச் சித்தியடையாதவர் எனத் தீர்ப்பது அநீதியாகும். பரீட்சகர் தொகையைக் கூட்டுவதாலும் அவ்வநீதி நீங்காது. காட்சிகளின் தொகையே கூட வேண்டும். கோடிக்கணக்கிற் பணம் செலவிட்டுப் பாவையை மேலும் மேலும் மனித உருவாக்குவோர் இவ்வுண்மையைப் போதியளவு கவனிப்பதில்லை. காட்சியின் பகட்டைக் காட்டிலும் காட்சிகளின் தொகையும் தெரிவும் முக்கியமானவை.

இவ்வகையில் இஸ்ரவேல் நாடு 2003இல் எடுத்த முடிவு குறிப்பிடத்தக்கது. மயக்கமருந்தியல் நிபுணர்களுக்கான அந்நாட்டுத் தேசியப் பரீட்சையிற் பாவனை முறை சேர்க்கப்பட்டது. காயப்பட்டோர் பராமரிப்பு, உயிர்ப்பித்தல், சத்திரசிகிச்சைக் கூட நெருக்கடி, உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச்செய்தல், செயற்கைச் சுவாசம் என ஐந்து நிலைகளைப் பரீட்சார்த்தி கடக்க வேண்டியிருந்தது. வாய்மொழிப் பரீட்சையை அகற்றாது அதனோடு இணைத்தே இது நடத்தப்பட்டது. 1975இல் டண்டீ நகரில் றொனால்ட் ஹார்டன் அறிமுகஞ்செய்த, நிலையத்திற்கு நிலையம் நகரும் பரீட்சை முறையின் வழித்தோன்றல் இது. பன்மையில் நம்பிக்கை வைத்தமையே இதன் சிறப்பு.

5. தொழிலும் தீர்ப்பும்

அமெரிக்காவின் அனுபவம் இதற்கு வேறானது. அங்குள்ள மயக்கமருந்தியற் சபை, சான்றிதழைப் பேணிக்கொள்ள விரும்பும் நிபுணர்கள் பாவனைப் பயிற்சியொன்றிற் பங்குபற்றவேண்டும் என 2010ஆம் ஆண்டளவில் நடைமுறைப்படுத்தியது. அங்கு சித்தி, சித்தியின்மை என்பன இல்லை. பங்குபற்றிப் பின்னர் தம் பணியைத் திருத்தும் திட்டமொன்றை வரைதலே வேண்டப்பட்டது. 2016இல் இக்கட்டாயமும் நீங்கி விருப்பத்திற்குரியதாயிற்று. 2018இல் புதிதாகச் சான்றிதழ் பெறுவோருக்கான பரீட்சையில் நிலையங்களாற் பகுக்கப்பட்ட செயன்முறைத் தேர்வு சேர்க்கப்பட்டபோது, தொடர்பாடலும் கருவித் தரவுகளை விளங்கிக்கொள்ளலும் போன்றவை அதில் முக்கிய இடம்பெற்றன.

பட்டமும் அனுபவமும் பெற்ற நிபுணரைப் பாவையின் முன் நிறுத்தித் தீர்ப்புக் கூறும் துணிவு ஒரு பெரிய தொழிற் சபைக்கு வரவில்லை என்பதே இதன் பொருள். இதற்கு இருவகை விளக்கம் கூறலாம். மதிப்பீட்டு முறை இன்னும் அத்தகுதியைப் பெறவில்லை என்னும் அறிவியல் நேர்மை ஒன்று. தம் உறுப்பினரைச் சங்கடத்திற்குள்ளாக்க விரும்பாத தொழிற்குழுவின் தற்காப்பு மற்றையது. இரண்டும் கலந்தே இருந்திருத்தல் கூடும்.

ஏனெனில், மத்தியூ வைங்கரும் பலரும் 2017இல் வெளியிட்ட ஆய்வை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அப்பயிற்சிகளிற் பங்குபற்றிய, சான்றிதழ் பெற்ற நிபுணர்கள் 263 பேர் தம் செயற்பாட்டை ஒளிப்பதிவு செய்து மதிப்பிட இசைந்தனர். நெருக்கடியின்போது கட்டாயம் செய்யவேண்டியவை எனச் சக நிபுணர்களாலேயே வரையறுக்கப்பட்ட செயல்கள் பல செய்யப்படாது விடப்பட்டமை அதிற் கண்டறியப்பட்டது. உதவிக்கு ஆள் அழைப்பதிற் காட்டிய தாமதமும் குறைகளுள் அடங்கும். பயில்வோரின் குறை எனக் கருதப்பட்டது, தேர்ந்தோரிடமும் உண்டெனத் தெரியவந்தது. அனுபவம் தானாகவே திறனைப் பேணும் என்னும் நெடுநாள் நம்பிக்கை இதனால் ஆட்டங்கண்டது.

2005இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த மரணமொன்று இதற்கு உலகியற் சான்றாகும். மூக்கின் உட்பகுதியிற் செய்யவிருந்த சாதாரண சத்திரசிகிச்சைக்காக இளம் தாய் ஒருவருக்கு மயக்கமருந்து கொடுக்கப்பட்டது. அதன்பின் சுவாச வழியைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. அனுபவமிக்க மூன்று வைத்தியர்கள் குழாயைச் செலுத்த மீண்டும் மீண்டும் முயன்றனர்; ஒட்சிசன் தாழ்ந்த நிலையிலேயே நெடுநேரம் நின்றது. தாதி ஒருவர் கழுத்து வழியே சுவாசத் துளையிடும் உபகரணத்தைக் கொண்டுவந்து, அது ஆயத்தமாக உள்ளதென அறிவித்தும் அது பயன்படுத்தப்படவில்லை. நாட்கள் சில கழிந்து அப்பெண் இறந்தார். விமானியான அவரது கணவர், எவரையும் பழிகூறாது, காரணத்தை ஆராயுமாறு வேண்டினார். அம்மூவருள் எவரும் எழுத்துப் பரீட்சையில் அந்நெருக்கடிக்குரிய விடையை எழுத இயலாதவரல்லர். அறிவு இருந்தது, பார்வை ஒன்றிலேயே நிலைகுத்தியிருந்தது, சொல்ல வந்தவரின் குரல் எட்டவில்லை. எந்த எழுத்துப் பரீட்சையாலும் காட்டமுடியாத இக்குறையை, பாவை கிடத்தப்பட்ட கூடம் காட்டவல்லது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவன சில. முதலாவதாக, பாவனை மதிப்பீடு பிற பரீட்சைகளாற் காணமுடியாத ஒரு திறனைக் காண்கின்றது; ஆதலால் அதனை விளையாட்டெனத் தள்ளுவோர் நோயாளியின் பக்கம் நின்று சிந்திக்கவில்லை. இரண்டாவதாக, அது காண்பது செய்துகாட்டலையே, செய்தலை அன்று. நாள்தோறும் சத்திரசிகிச்சைக்கு முன்னர் நோயாளியை நேர்மையாகப் பரிசோதித்தல், களைப்பிலும் விழிப்போடிருத்தல், தவறு நேர்ந்தால் மறையாது கூறுதல் ஆகிய பண்புகளை அது தொடுவதில்லை. மூன்றாவதாக, ஒரு காட்சியாலோ ஒரு வகை அளவுகோலாலோ எவரையும் தள்ளிவைப்பது நியாயமன்று. குறுங்காட்சிகள் பல, செயலையும் நடத்தையையும் தனித்தனியே நோக்கும் பயிற்சிபெற்ற பரீட்சகர், பரீட்சைக்கு முன்னரே பாவையோடு பழக வாய்ப்பு, கூடத்தில் நெடுநாள் அருகிருந்து பெற்ற மதிப்பீடு ஆகிய யாவும் சேர்ந்த பின்னரே தீர்ப்புப் பிறத்தல் வேண்டும்.

இதுவரை ஆய்வாளர் பெரிதும் உழைத்தது அளவுகோலைச் செம்மைப்படுத்துவதிலாகும். இனி உழைக்கவேண்டியது வேறிடத்தில் உள்ளது. பாவையின் முன் உயர்ந்த புள்ளி பெற்றவரிடம் சிகிச்சை பெறும் நோயாளிகள் உண்மையிலேயே கூடிய பாதுகாப்புப் பெறுகின்றனரா என்பதே அது. அரிதாகவே நேரும் மரணங்களைக் கொண்டு இதனை நிறுவுவது எளிதன்று. ஆயினும் அவ்வினாவைக் கைவிட்டால், பரீட்சை பரீட்சைக்காகவே நடப்பதாய் முடியும். பாவைக்கு வலியில்லை, மரணமில்லை. அதனாலேயே அது பரீட்சைக்கு ஏற்றதாயிற்று. வலியும் மரணமும் உடையவருக்காகவே அப்பரீட்சை நடத்தப்படுகின்றது என்பதைப் பரீட்சகரும் பரீட்சார்த்தியும் ஒருங்கே மனங்கொள்ளும்வரை, எத்துணை நுண்ணிய அளவுகோலும் குறையுடையதாகவே இருக்கும்.